கீழடி பற்றி ஏ.ஐ. சொன்னால் அப்படியே நம்பலாமா? - தொல்லியல், மானுடவியல் வகுப்புகளில் ஒரு புதிய பாடம்

இரவு பதினொரு மணி. மறுநாள் காலை அசைன்மென்ட் கொடுத்தாக வேண்டும். தலைப்பு, 'கீழடியின் காலம்'. நூலகத்தில் எடுத்துவந்த அகழாய்வு அறிக்கை மேஜையில் மூடியபடியே கிடக்கிறது. மாணவி செல்போனை எடுத்து, ஏ.ஐ. உதவியாளரிடம் ஒரே ஒரு வரியைத் தட்டுகிறார். டீ ஆறுவதற்குள் நான்கு பக்கக் கட்டுரை தயார். வைகைக் கரை, உறைகிணறு, கறுப்பு-சிவப்புப் பானை, தமிழி எழுத்து என எல்லாமே அதில் இருக்கின்றன. கடைசியில் நான்கு ஆதார நூல்களின் பட்டியலும் உண்டு.

மறுநாள் பேராசிரியர் புரட்டுகிறார். பட்டியலில் மூன்றாவது நூலின் மேல் அவர் விரல் நிற்கிறது.

"இந்தப் புத்தகத்தை எங்கம்மா பார்த்தே?"

"நெட்ல இருந்துச்சு சார்..."

"இப்படி ஒரு புத்தகமே யாரும் எழுதலையேம்மா!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இன்று எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதன் பிறகு ஜெமினி, கிளாட் என்று வரிசையாக வந்துவிட்டன. 'தொடவே கூடாது' என்று தடை போட்டாலும், மாணவர்களின் பாக்கெட்டில் இருப்பதை யாரும் பிடுங்கிவிட முடியாது. ஆகவே, 'பயன்படுத்தலாமா?' என்ற கேள்வி 'எப்படிப் பயன்படுத்துவது?' என்று மாறிவிட்டது.

எல்லாப் பாடங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தொல்லியலுக்கும் மானுடவியலுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. காரணம் எளிது. ஒன்றின் ஆதாரம் மண்ணுக்குள் இருக்கிறது. இன்னொன்றின் ஆதாரம் மனிதர்களின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. இணையத்தில் ஏறியிருப்பது இரண்டிலும் ஒரு சிறு பங்குதான். ஏ.ஐ. படித்திருப்பதோ அந்தச் சிறு பங்கை மட்டும்!

கேட்டது குகை மனிதனை... வந்தது பழைய பாடம்

அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ மேக்னானியும், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளிண்டேனியலும் ஒரு சோதனை செய்தார்கள். நியாண்டர்தால் மனிதர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமாகவும் எழுத்தாகவும் தரச் சொல்லி ஏ.ஐ. கருவிகளிடம் திரும்பத் திரும்ப, நூறு நூறு முறை கேட்டார்கள்.

வந்த படங்களில் உடலெல்லாம் ரோமம் அடர்ந்து, கூன் விழுந்து, குரங்கைப்போல நின்றார்கள் நியாண்டர்தால்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இருந்தே இருக்க முடியாத கண்ணாடியும் உலோகமும்கூட சில படங்களில் எட்டிப்பார்த்தன. சாட்ஜிபிடி எழுதிய விளக்கங்கள் 1960-களின் ஆராய்ச்சி அறிவோடு அதிகம் பொருந்தின. படங்களோ 1980-களின் கடைசி, 1990-களின் தொடக்கத்தோடு பொருந்தின.

இன்றைய அறிவியல் சொல்வது வேறு. நியாண்டர்தால்கள் நெருப்பைக் கையாண்டவர்கள், தேர்ந்த கல் கருவிகளைச் செய்தவர்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் இன்றைய மக்களின் மரபணுவில் ஒன்று முதல் இரண்டு சதவிகிதம் அவர்களிடமிருந்து வந்தது. இந்த ஆராய்ச்சிப் பாதையைத் திறந்துவைத்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-ல் நோபல் பரிசே கிடைத்தது.

அப்படியிருக்க, நேற்று வந்த கருவி அறுபது ஆண்டுகள் பழைய பாடத்தை ஏன் ஒப்பிக்கிறது? புதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பகுதி காப்புரிமைக்கும் கட்டணச் சுவருக்கும் பின்னால் பூட்டிக்கிடக்கிறது. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் பழையது. எது எளிதில் கிடைக்கிறதோ, அதுவே ஏ.ஐ-யின் பதிலில் தலைதூக்குகிறது.

தர்ஸ்டனும் இரண்டு பத்மஸ்ரீகளும்

இந்த ஆபத்து நம் ஊருக்கு எப்படி வரும் என்று பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேய அதிகாரி. கே.ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகளை 1909-ல் வெளியிட்டார். மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, அவர்களை வகை பிரித்த காலம் அது. 1871-ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், முழுச் சமூகங்களையே 'பிறவிக் குற்றவாளிகள்' என்று முத்திரை குத்திய காலமும் அதுதான்.

அந்த ஏழு தொகுதிகளுக்கும் இப்போது காப்புரிமை இல்லை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் ஊர்ப் பழங்குடி மக்களைப் பற்றி அதற்குப் பின்பு வந்த ஆய்வேடுகள் பலவும் பல்கலைக்கழக அலமாரிகளில்தான் இருக்கின்றன. அப்படியானால், ஒரு மாணவர் 'இருளர்கள் பற்றிச் சொல்' என்று கேட்கும்போது, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அதிகாரியின் பார்வை நிகழ்கால வாக்கியமாக மாறி வெளியே வர வாய்ப்பு உண்டு. 'இருளர்கள் இப்படி வாழ்கிறார்கள்' என்று அது சொல்லும். 'இப்படி வாழ்ந்ததாக 1909-ல் ஒருவர் எழுதினார்' என்று சொல்லாது.

இன்றைய இருளர்களின் கதையோ வேறு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம், விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தைச் சேகரித்துத் தருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மானுடவியல் வகுப்பில் இதையே ஒரு பயிற்சியாக்கலாம். ஏ.ஐ. தரும் பதிலை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இதை முதலில் சொன்னது யார், எந்த ஆண்டு, எந்த அதிகாரத்தில்?' என்று எழுதச் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காத வரிகள் எத்தனை என்று மாணவர்களே எண்ணிப் பார்ப்பார்கள். 'ஒரு சமூகத்தைப் பற்றி யார் எழுதுகிறார்கள்' என்ற கேள்விதான் மானுடவியலின் அடிப்படை. பாடப்புத்தகத்தில் அது வெறும் வரியாக இருந்துவிட்டுப் போகலாம். கையில் இருக்கும் செல்போனிலேயே பார்த்துவிட்டால் மறக்காது.

353 சென்டிமீட்டர் சொல்லும் சேதி

தொல்லியலுக்கு வருவோம். 'கீழடி 2,600 ஆண்டுகள் பழைமையானது' என்று ஏ.ஐ. சொல்லும். தவறில்லை. ஆனால், ஒரு தொல்லியல் மாணவருக்கு அந்த ஒரு வரி போதாது.

கீழடியில் 2014-ல் மத்திய தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. மூன்று கட்டங்களுக்குப் பின், 2018-ல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழகத் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்தது. அப்போது கிடைத்த கரித்துண்டுகள் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த துண்டின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த துண்டுக்கு கி.மு. 205 என்று வந்தது. 2019-ல் வெளியான அறிக்கையில் இவை இருக்கின்றன.

'2,600' என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு கரித்துண்டு. அது எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எத்தனை ஆழத்தில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற விவரம் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. கரி சொல்வது அந்த மரத்தின் காலத்தை. பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் காலத்தை, இரண்டும் ஒரே அடுக்கில் கலையாமல் கிடந்தனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எலி வளையோ, பிற்காலத்தில் தோண்டிய குழியோ அடுக்கைக் குலைத்திருந்தால் கணக்கே மாறிவிடும். இடம் தெரியாமல் எடுத்த பானை ஓடு, தேதி கிழிந்த டைரிப் பக்கம் மாதிரி. படிக்கலாம், எங்கே சேர்ப்பது என்று தெரியாது.

ஏ.ஐ. கொடுக்கும் பதிலும் அப்படிப்பட்ட ஓடுதான். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அதன் மேல் எழுதியிருக்காது. அதனால் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். ஏ.ஐ. எழுதிய கீழடிக் கட்டுரையையே ஒரு குழியாக நினைத்து அகழச் சொல்லலாம். அறிக்கையில் பார்த்து உறுதி செய்த வரிக்குப் பச்சைக் கோடு. சரியாக இருக்கலாம், ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் மஞ்சள். தவறு என்றால் சிவப்பு. மதிப்பெண் கட்டுரைக்கு அல்ல, இந்தக் கோடுகளுக்கும் அதன் காரணங்களுக்கும்தான். மேஜையில் மூடிக்கிடந்த அறிக்கையைத் திறக்காமல் இந்த வேலையை முடிக்கவே முடியாது!

மூன்றே ஆண்டில் மாறிய தேதி

இன்னொரு சோதனை, இரும்பு. 'தமிழகத்தில் இரும்பு எப்போது புழக்கத்துக்கு வந்தது?' என்று கேட்டுப் பார்க்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த ஆதாரத்தின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, அது கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போய்விட்டது கணக்கு.

ஏ.ஐ. கருவிகளுக்குப் பயிற்சி முடிந்த நாள் என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகு நடந்ததை, இணையத்தில் தேடிப் பார்க்காத வரை அவை அறியாது. அதனால், ஒரே வகுப்பில் மூன்று பேர் மூன்று கருவிகளிடம் கேட்டு மூன்று தேதிகளோடு வரலாம். 'எது சரி?' என்று சண்டை போடுவதைவிட, 'ஏன் மூன்று?' என்று கேட்பது நல்ல வகுப்பு. சிவகளைத் தேதியை இன்னும் பல இடங்களின் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அறிவியலில் ஒரு தேதி வந்து சேர்வதும் உறுதிப்படுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை என்று மாணவர்கள் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சிந்துவெளி எழுத்து இன்னும் சுவாரஸ்யம். அதைப் படித்துக் காட்டுபவர்களுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். ஐராவதம் மகாதேவன் 1977-ல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறியீடுகளை வரிசைப்படுத்தினார். சராசரியாக ஒரு முத்திரையில் ஐந்து குறியீடுகள்தான். இரு மொழியில் எழுதிய கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யாராலும் ஏற்கப்பட்ட விடை இன்றுவரை இல்லை. ஆனால், ஒரு முத்திரையின் படத்தைக் கொடுத்து 'இதைப் படி' என்று வற்புறுத்தினால், ஏதோ ஓர் 'அர்த்தத்தை' ஏ.ஐ. எடுத்துவிடக்கூடும். புது சாட் திறந்து மறுபடி கேட்டால் வேறோர் அர்த்தம் வரலாம். 'தெரியாது' என்ற பதிலின் மதிப்பு அப்போது வகுப்புக்கே புரியும்.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா?

கூடாது. உண்மையான உதவிகளும் உண்டு.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தொல்லியலின் முக்கியமான அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரு பத்தியைக் கொடுத்து 'எளிய தமிழில் விளக்கு' என்றால், ஏ.ஐ. பொறுமையாக விளக்கும். பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. வகுப்பில் கையைத் தூக்கக் கூச்சப்படும் மாணவிக்கு இது பெரிய வாசல். அறிக்கைக்குப் பதிலாக ஏ.ஐ-யைப் படிப்பது வேறு. அறிக்கையைப் படிக்க ஏ.ஐ-யின் கையைப் பிடித்துக்கொள்வது வேறு.

கள ஆய்வுக்கு முன் ஒத்திகை பார்க்கவும் உதவும். 'நீ ஒரு மலைக்கிராமத்துப் பாட்டி. நான் பேட்டி எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கேள்விகளைக் கேட்கலாம். 'உங்கள் சமூகத்தின் சடங்குகள் யாவை?' என்று தேர்வுத்தாள்போலக் கேட்பதைவிட, 'உங்க கல்யாணத்தன்னிக்கு வீட்ல என்னெல்லாம் செஞ்சாங்க பாட்டி?' என்று கேட்டால் பேச்சு வளரும் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால், ஏ.ஐ. பாட்டி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். நிஜப் பாட்டி வெற்றிலையை மென்றபடி, "அதெல்லாம் எதுக்குக் கேக்குற கண்ணு?" என்று திருப்பிக் கேட்பார். மானுடவியல் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஆராய்ச்சியிலும் ஏ.ஐ. சாதித்திருக்கிறது. சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளில் விடுபட்ட எழுத்துகளை ஊகிக்க, 'இத்தாகா' என்ற கருவியை கூகுள் டீப்மைண்ட் உருவாக்கியது. 2022-ல் வெளியான முடிவுகளைப் பாருங்கள். வரலாற்று அறிஞர்கள் தனியாகச் செய்தபோது துல்லியம் 25 சதவிகிதம். கருவி தனியாகச் செய்தபோது 62. அறிஞர்கள் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு செய்தபோது 72!

பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்திலும் இதே கதைதான். தரையில் வரையப்பட்ட 303 புதிய உருவங்களை ஜப்பானின் யமகாடா பல்கலைக்கழகக் குழு ஏ.ஐ. துணையோடு கண்டுபிடித்து, 2024-ல் வெளியிட்டது. வான்படங்களில் 'இங்கே ஏதோ இருக்கலாம்' என்று காட்டியது கருவி. வெயிலில் நடந்து போய் 'ஆமாம், இருக்கிறது' என்று உறுதி செய்தவர்கள் மனிதர்கள்.

இவை பொது அறிவு பேசும் சாட்பாட்கள் அல்ல, ஒரே வேலைக்காகப் பயிற்றப்பட்ட கருவிகள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பாட்டியின் குரல் யாருக்குச் சொந்தம்?

பெரிய கவலை ஒன்று பாக்கி இருக்கிறது. கள ஆய்வுக்குப் போன மாணவர் ஒரு மணி நேரப் பேட்டியைப் பதிவு செய்கிறார். அதை எழுத்தாக்குவது முதுகு ஒடிக்கும் வேலை. ஏ.ஐ. செயலியில் ஏற்றினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏற்றலாமா?

அந்தப் பாட்டி, தன் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையை நம்பித்தான் பேசினார். குடும்பச் சண்டை, நிலத் தகராறு, சாமிக்கு மட்டும் சொல்லும் வார்த்தை, காட்டு மூலிகையின் பெயர் என எல்லாம் அதில் இருக்கலாம். அது எந்த நாட்டு சர்வரில் போய் உட்காரும், எதற்குப் பயன்படும் என்று அவருக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது.

மக்களின் அறிவுக்கு மதிப்பு உண்டு என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1987-ல் அகத்தியமலைப் பகுதியில், கேரளத்து விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணி பழங்குடியினர், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் பழத்தைச் சாப்பிட்டார்கள். அந்தச் செடிதான் 'ஆரோக்கியப்பச்சை'. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவது என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. காட்டுக்குள் இருவர் பேசிக்கொண்ட ஒரு தகவலுக்கு இத்தனை மதிப்பு இருந்தது.

ஆகவே, விதி எளிது. 'இந்தப் பேச்சை ஒரு கம்ப்யூட்டர் செயலியில் போடலாமா?' என்று பேசியவரிடம் அவருக்குப் புரியும்படி கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். பெயர், ஊர், உறவு விவரங்களை நீக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையால்தான் எழுத வேண்டும். அப்படி எழுதும்போதுதான் பாட்டி எங்கே நிறுத்தினார், எங்கே குரல் உடைந்தது என்பதெல்லாம் காதில் விழும் என்பது கூடுதல் லாபம்.

மாணவர்கள் செய்து பார்க்க ஐந்து சோதனைகள்

1. ஏ.ஐ. சொல்லும் ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலில் தேடுங்கள். கிடைக்காத நூலை எழுதாதீர்கள்.

2. எந்தத் தேதி வந்தாலும் 'எந்த மாதிரி, எந்த ஆழம், எந்த அறிக்கை?' என்று கேளுங்கள்.

3. ஒரு சமூகத்தைப் பற்றி 'அவர்கள் இப்படித்தான்' என்று பதில் வந்தால், அது எந்த ஆண்டின் பார்வை என்று தேடுங்கள்.

4. ஒரே கேள்வியை நாள் மாற்றி, கருவி மாற்றிக் கேளுங்கள். பதில்கள் மாறும் இடத்தில்தான் நீங்கள் படிக்க வேண்டியது இருக்கிறது.

5. ஏ.ஐ-யிடம் கேட்டதை மறைக்காதீர்கள். கேள்வியையும் பதிலையும் அசைன்மென்ட்டோடு இணைத்துவிடுங்கள்.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நான்கு பக்கக் கட்டுரைக்கு மட்டுமே மதிப்பெண் போட்டால், கட்டுரை மட்டுமே வரும். அதை ஏ.ஐ. எழுதிவிடும். களக்குறிப்பேடு, பானை ஓட்டைப் பார்த்து வரைந்த படம், ஐந்து நிமிட நேரடிக் கேள்வி-பதில் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் போனால் மாணவர்களின் உழைப்பும் அங்கே போகும்.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மற்றவர்களுக்கு அது வெறும் கல். அதன் விளிம்பில், மனிதன் வேண்டுமென்றே செதுக்கிய தடத்தை அவர் பார்த்தார். இந்தியக் கற்கால ஆய்வே அந்தக் கைக்கோடரியிலிருந்துதான் தொடங்கியது. அந்தப் பார்வை பழக்கத்தால் வருவது. நூறு கற்களைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நூற்றியொன்றாவது கல் பேசும்.

அந்த மாணவியின் கதைக்கு ஒரு நல்ல முடிவைக் கற்பனை செய்யலாம். பேராசிரியர் திட்டவில்லை. அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த வாரம் கீழடி மியூசியத்துக்குப் போறோம். இந்த நாலு பக்கத்தையும் கையோட எடுத்துட்டு வா. ஒவ்வொரு வரிக்கும் அங்கே சாட்சி இருக்கான்னு தேடிப் பார்க்கலாம்" என்கிறார்.

வைகைக் கரை மண்ணிலிருந்து வந்த பானைகளுக்கு முன்னால் அந்தப் பிள்ளை நிற்கும்போது, ஒரு கையில் செல்போனும் இன்னொரு கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு பென்சில்களும் இருக்கட்டும். செல்போன் சொல்வதையெல்லாம் சொல்லட்டும். 'அது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்க அவள் கற்றுக்கொண்டால் போதும்.